பெரிய கூட்டில் சிறிய வன்தட்டு

பள்ளிகளிலும் வட்டார அலுவலகங்களிலும் பல ஆண்டுகளாக உழைத்துவரும் மேசைக் கணிப்பொறி ஒன்று பழுதுறும்போது, பெரும்பாலும் முதலில் ஓய்வது ஹார்ட் டிஸ்க் என்று வழங்கும் வன்தட்டேயாகும். இதற்குக் காரணம் எளிது. கணக்கிடும் பகுதியாகிய பிராசஸரில் அசையும் உறுப்பு எதுவும் இல்லை. அது பத்துப் பதினைந்து ஆண்டுகள் சலியாமல் வேலை செய்யக்கூடும். வன்தட்டோ, மின்சாரம் பாயும் நேரமெல்லாம் இடையறாது சுழன்றுகொண்டிருக்கும் ஒரு யந்திரம். அதன் தாங்கிகள் தேய்கின்றன. காந்தப் பூச்சில் அங்கங்கே குறைகள் தோன்றுகின்றன. கடைசியில் ஒரு நாள் 'டிக், டிக்' என்ற ஓசையுடன் அது நின்றுவிடுகிறது. மாணவரின் மதிப்பெண் பட்டியல், மண் பரிசோதனைக் குறிப்புகள், பல ஆண்டுகளின் மழைமானிப் பதிவுகள் ஆகியவையெல்லாம் அதனுடன் மறைந்துபோதல் கூடும்.

இவ்வகைக் கணிப்பொறிகள் நாட்டில் ஏராளம். தகவல் தொழில்நுட்பத்தைப் பள்ளிகளுக்குக் கொண்டுசெல்ல மத்திய அரசாங்கம் 2004 டிசம்பரில் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. அதன் பின்னர் மாநிலந்தோறும் பள்ளிகளில் கணிப்பொறி அறைகள் பெருகின. அலுவலகங்களிலும் அவ்வாறே. அக்காலத்து மேசைக் கணிப்பொறிகளில் 3.5 அங்குல வன்தட்டுகளே அமைந்திருந்தன. இன்று பழுதானதற்கு மாற்று வேண்டிக் கடைக்குச் செல்பவருக்குப் பெரும்பாலும் கிடைப்பது உள்ளங்கையில் அடங்கும் 2.5 அங்குலச் சாதனம். அதைக் கொண்டுவந்து கணிப்பொறிப் பெட்டியைத் திறந்தால், பழைய வன்தட்டு இருந்த கூட்டில் அது அங்குமிங்கும் உருள்கிறது. கூட்டிலுள்ள துளைகளில் ஒன்றேனும் அதன் திருகாணித் துளையோடு ஒத்து வருவதில்லை. சிலர் அதை அப்படியே கேபிளில் தொங்கவிட்டுப் பெட்டியை மூடிவிடுகின்றனர். வேறு சிலர் டிரில்லை எடுத்துக் கூட்டில் புதுத் துளை போட முற்படுகின்றனர். முன்னது சில வேளைகளில் தீங்கின்றி முடியலாம். பின்னது அறவே கூடாது. துளையிடும்போது உதிரும் இரும்புத்தூள் மதர்போர்டின் மீது விழுந்து, மின்சாரம் செலுத்தியதும் குறுக்கு மின்னோட்டத்தை உண்டாக்கும். வன்தட்டை மாற்ற வந்தவர் கணிப்பொறியையே மாற்ற வேண்டி வரும்.

பெயரும் அளவும்

குழப்பத்துக்கு முதற் காரணம் பெயர்களே. 3.5 அங்குல வன்தட்டை அளவுகோல் கொண்டு அளந்து பார்ப்பவர் வியப்படைவர். அதன் அகலம் 3.5 அங்குலம் அன்று. சரியாக 4 அங்குலம், அதாவது 101.6 மில்லிமீட்டர். 2.5 அங்குலச் சாதனத்தின் அகலம் 2.75 அங்குலம், அதாவது 69.85 மில்லிமீட்டர். 5.25 அங்குலக் கூடு எனப்படுவதில் நுழையும் சாதனம் 5.75 அங்குல அகலமுடையது. எந்தப் பெயரும் வெளிப்புற அளவைக் குறிப்பதில்லை. இவையெல்லாம் பிளாப்பி டிஸ்க் காலத்திலிருந்து வழிவழி வந்த பெயர்கள்.

1956-இல் ஐ.பி.எம். நிறுவனம் முதன்முதலாக விற்பனைக்குக் கொணர்ந்த வன்தட்டு யந்திரத்தில் 24 அங்குல விட்டமுள்ள தட்டுகள் 50 இருந்தன. அது ஓர் அலமாரியைவிடப் பெரியது. அதில் அடங்கியவையோ ஏறத்தாழ 50 லட்சம் எழுத்துக்கள் மட்டுமே. அதற்கெனக் கூடு என்ற ஒன்று தேவைப்படவில்லை. அதுவே தனியறையில் நின்றது. 1976-இல் ஷூகார்ட் நிறுவனம் 5.25 அங்குல நெகிழ்தட்டில் எழுதிப் படிக்கும் சிறு பொறியை வெளியிட்டது. 5.25 அங்குலம் என்பது உள்ளே செருகப்படும் தட்டின் அளவு. பொறியின் அகலம் 5.75 அங்குலம். 1980-இல் சீகேட் நிறுவனம் 5 மெகாபைட் கொள்ளளவுள்ள வன்தட்டு ஒன்றை அமைத்தபோது, அதே பொறியின் இடத்திலேயே பொருந்துமாறு அதே வெளியளவில் செய்தது. கணிப்பொறி செய்வோர் தங்கள் பெட்டியை மாற்ற வேண்டியிருக்கவில்லை. இடத்தோடு பெயரும் வன்தட்டுக்கு வந்து சேர்ந்தது. 1983-இல் ஸ்காட்லாந்தின் ரோடைம் நிறுவனம் முதலாவது 3.5 அங்குல வன்தட்டையும், 1988-இல் அமெரிக்காவின் பிரெய்ரிடெக் நிறுவனம் முதலாவது 2.5 அங்குல வன்தட்டையும் வெளியிட்டன. பின்னது மடிக் கணிப்பொறிகளை நோக்கிப் பிறந்தது. மேசைக் கணிப்பொறிக் கூட்டுக்கு அது என்றுமே உரியதாக இருந்ததில்லை. இன்று அங்கே அது விருந்தாளியாக நுழைவதால்தான் இவ்வளவு தொல்லையும்.

ஆகவே இரண்டுக்கும் இடையேயுள்ள உண்மையான வேறுபாடு, பெயரைக் கழித்துப் பார்த்தால் தோன்றும் ஓர் அங்குலம் அன்று, 1.25 அங்குலம். பக்கத்துக்கு ஏறத்தாழ 16 மில்லிமீட்டர் இடைவெளி நிரப்பப்பட வேண்டும். நீளத்திலும் வேறுபாடு உண்டு: பெரியது ஏறத்தாழ 147 மில்லிமீட்டர், சிறியது 100. உயரம் பெரியதற்கு 26 மில்லிமீட்டர். சிறியதற்கு 7 அல்லது 9.5.

திருகாணிகளும் வேறு. இதைக் கவனியாமல் சாதனத்தைக் கெடுத்துக்கொண்டவர் பலர். பெரிய வன்தட்டு அங்குல முறையிலமைந்த, 32 புரி கொண்ட, ஏறத்தாழ 3.5 மில்லிமீட்டர் விட்டமுள்ள திருகாணியை ஏற்கும். சிறியது மெட்ரிக் முறையில் எம்.3 எனப்படும் 3 மில்லிமீட்டர் திருகாணியை ஏற்கும். முன்னதைப் பின்னதன் துளையில் வலிந்து திருகினால் அலுமினியப் புரி அழிந்துபோகும். அதன் பிறகு அத்துளை எதையும் பற்றாது. கழற்றிய பழைய திருகாணிகளைப் புதியவற்றோடு கலவாமல் வேறொரு கிண்ணத்தில் இடுவது நல்ல பழக்கம்.

ஏன் இறுகப் பிடிக்க வேண்டும்?

கூடு என்பது சாதனத்தை வைக்கும் இடம் மட்டுமே என்று எண்ணுவோர் உண்டு. சுழலும் வன்தட்டைப் பொறுத்தவரை அது பற்றிப்பிடிக்கும் கருவியும் ஆகும். நிமிஷத்துக்கு 7,200 முறை சுழலும் வன்தட்டு ஒரு வினாடியில் 120 சுற்றுச் சுற்றுகிறது. 3.5 அங்குல வகையின் உள்ளேயுள்ள தட்டின் விட்டம் ஏறத்தாழ 95 மில்லிமீட்டர். கணக்கிட்டுப் பார்த்தால் தட்டின் விளிம்பு வினாடிக்கு 35 மீட்டருக்கு மேலான வேகத்தில், அதாவது மணிக்கு ஏறத்தாழ 129 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. ஓடும் அத்தட்டின் மேலே, எழுதவும் படிக்கவும் செய்யும் காந்தமுனை சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கிறது. மனிதரின் தலைமயிரது பருமன் 50,000 நானோமீட்டருக்குக் குறையாது என்பதை இதனோடு ஒப்பிடலாம். தட்டின் மேற்பரப்பில் ஒரு மில்லிமீட்டர் அகலத்துக்குள் பதிவுத் தடங்கள் பதினாயிரம் அளவில் நெருங்கிக் கிடக்கின்றன. காந்தமுனை அவற்றுள் ஒன்றை விடாமல் தொடர்ந்து செல்ல வேண்டும்.

இந்நிலையில் வன்தட்டு தளர்ந்து ஆடினால் முனை தடத்தினின்று விலகும். கருவி எழுதுவதை நிறுத்திக் காத்திருந்து, மீண்டும் தடம் பிடித்து, மீண்டும் எழுத முயலும். வெளியே இருப்பவருக்குக் கணிப்பொறி மந்தமாகிவிட்டது என்று மட்டுமே தெரியும். 2008-ஆம் ஆண்டின் இறுதியில் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தின் பொறியாளர் பிரெண்டன் கிரெக், வன்தட்டு வரிசை ஒன்றின் அருகே சென்று உரத்த குரலில் கூவினார். வன்தட்டுகள் வேலையை முடிக்க எடுக்கும் நேரத்தைக் காட்டும் வரைபடம் அக்கணமே செங்குத்தாக உயர்ந்தது. அந்நிகழ்ச்சி படமாக்கப்பட்டு உலகெங்கும் காணப்பெற்றது. மனிதக் குரலின் அதிர்வே இதைச் செய்யுமானால், தொங்கும் வன்தட்டின் சொந்த அதிர்வு என்ன செய்யும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. இரு வன்தட்டுகள் தளர்வாக ஒரே பெட்டியில் இருந்தால், அவற்றின் வேகங்களிடையே உள்ள மிகச் சிறிய வேறுபாட்டால் ஏறியும் இறங்கியும் ஒலிக்கும் ஒருவித ரீங்காரம் எழுவதுண்டு. பௌதிக ஆசிரியர்கள் வகுப்பில் கற்பிக்கும் விம்மல் இதுவே.

சுழலும் வன்தட்டை எந்நிலையிலும் தொங்கவிடல் ஆகாது என்பது இதனால் விளங்கும். கிடையாகவோ செங்குத்தாகவோ வைக்கலாம். ஆனால் நான்கு திருகாணிகளால் இறுகப் பிடித்தல் வேண்டும். நடமாடும் வாகனங்களில் கணிப்பொறி வைத்திருப்போர் இதில் இரட்டிப்புக் கவனம் கொள்வது நல்லது.

எஸ்.எஸ்.டி. எனப்படும் புதுவகைச் சாதனத்துக்கு இவ்வளவு கட்டுப்பாடு இல்லை. அதில் தட்டும் இல்லை, மோட்டாரும் இல்லை; மின்னணுச் சில்லுகளே விவரங்களைத் தாங்குகின்றன. அதன் எடை பொதுவாக 50 கிராம் அளவே. அதிர்வால் அதற்குத் தீங்கில்லை. ஆயினும் அதைப் பிடித்துவைக்க வேறொரு காரணம் உண்டு. சாட்டா எனப்படும் இணைப்பு முறையில், சாதனத்தின் பின்புறம் ஆங்கில 'எல்' எழுத்தின் வடிவில் மெல்லிய பிளாஸ்டிக் நாக்குகள் இரண்டு இருக்கும். சாதனம் தொங்கினால் மின்கம்பிகளின் இழுப்பு முழுவதும் இந்நாக்குகளின் மேல் விழுகிறது. பெட்டியை நகர்த்தும்போது அவற்றுள் ஒன்று முறிந்தால், உள்ளே விவரம் பழுதின்றி இருந்தும் அதைப் படிக்க வழியில்லாமற் போகும். இந்த இணைப்பு முறையின் நியமமே 50 முறை செருகி எடுப்பதை எண்ணி வகுக்கப்பட்டதாகும். வலுவான அமைப்பு அன்று. சட்டம் கிடைக்கும் வரையில் சில நாட்களுக்கு எஸ்.எஸ்.டி.யைக் கூட்டின் அடியில் இருபுறமும் ஒட்டும் நாடாவால் பொருத்தி வைப்பதில் தவறில்லை. வெப்பமான ஊர்களில் அந்த நாடாவின் பசை இளகும் என்பது மட்டும் நினைவிருக்கட்டும்.

சட்டம்: வாங்குவதும் செய்வதும்

இடைவெளியை நிரப்புவதற்கு ஒரு சட்டம் வேண்டும். கடைக்காரர் இதைப் பிராக்கெட் என்பர். பிளாஸ்டிக்கிலும் இரும்புத் தகட்டிலும் கிடைக்கிறது. விலை மிகக் குறைவு. எஸ்.எஸ்.டி.க்கு எதுவும் போதும். சுழலும் 2.5 அங்குல வன்தட்டுக்கு உலோகச் சட்டமே ஏற்றது. வெப்பம் பரவுவதற்கும் அது உதவுகிறது.

இங்கு ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. சட்டத்தில் சாதனம் எங்கே அமர்கிறது என்பது சாதாரண மேசைக் கணிப்பொறியில் பொருட்டன்று; கேபிள் வளைந்து கொடுக்கும். ஆனால் சர்வர் பெட்டிகளிலும், இழுப்பறைபோல் வெளியே இழுத்து மாற்றும் கூடுகளிலும், இணைப்பு முனை பின்பலகையில் அசையாது நிலைத்திருக்கிறது. 3.5 அங்குல வன்தட்டின் முனை எவ்விடத்தில் உண்டோ, அவ்விடத்திலேயே சிறிய சாதனத்தின் முனையும் வந்து நிற்க வேண்டும். 2008-இல் வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனம் வெலாசிராப்டர் என்ற பெயரில் நிமிஷத்துக்கு 10,000 முறை சுழலும் 2.5 அங்குல வன்தட்டை, இறகுகள் கொண்ட 3.5 அங்குல அலுமினியச் சட்டத்துக்குள் பொருத்தியே விற்றது. அதன் முதல் வடிவத்தில் முனை உரிய இடத்தில் அமையாமையால் பின்பலகைக் கூடுகளில் அது பொருந்தவில்லை. பிறகு முனையை இடம் மாற்றி வேறொரு வடிவத்தை அந்நிறுவனம் வெளியிட நேர்ந்தது. வன்தட்டையே செய்பவருக்கு நேர்ந்தது இது. ஆகவே அத்தகைய கூடுகளுக்கு வாங்குவோர், முனையின் இடம் ஒத்து வரும் சட்டம்தானா என்று கேட்டு வாங்குதல் வேண்டும்.

கடை தொலைவிலிருக்கும் ஊர்களில், பட்டறை உள்ள பள்ளியில், இச்சட்டத்தை மாணவர்களைக் கொண்டே செய்துவிடலாம். அளவெடுத்தல், வரைதல், வளைத்தல், துளையிடுதல் ஆகிய எல்லாம் இதில் அடங்குவதால் செய்முறைப் பாடத்துக்கு இது பொருத்தமான வேலை. 1.2 மில்லிமீட்டர் கனமுள்ள அலுமினியத் தகடு போதும். 120 மில்லிமீட்டர் நீளமுள்ள துண்டை வெட்டி, 99 மில்லிமீட்டர் அகலமுள்ள மரக்கட்டையின் இருபுறமும் மடித்துத் தட்டினால், ஏறத்தாழ 20 மில்லிமீட்டர் உயரமுள்ள பக்கங்களோடு ஓர் ஓடைபோன்ற தட்டு உருவாகும். தகட்டின் கனத்தையும் சேர்த்து அதன் வெளியகலம் 101.4 மில்லிமீட்டர் ஆகும். 4 அங்குலக் கூட்டில் அது இதமாக நுழையும்.

அடித்தகட்டில் நான்கு துளைகள் வேண்டும். குறுக்கே துளைக்குத் துளை 61.7 மில்லிமீட்டர், நெடுக்கே 76.6 மில்லிமீட்டர். குறுக்கே இரண்டும் தகட்டின் நடுக்கோட்டிலிருந்து சம தூரத்தில் இருக்க வேண்டும். கேபிள் வரும் பின்விளிம்பிலிருந்து முதல் இரண்டு துளைகள் 14 மில்லிமீட்டர் தள்ளி அமைந்தால், சாதனத்தின் முனை தகட்டின் விளிம்போடு ஒட்டி நிற்கும். பக்கங்களில் ஒவ்வொன்றிலும் இரண்டு துளைகள். அவற்றின் இடைவெளி 101.6 மில்லிமீட்டர், அடியிலிருந்து உயரம் 6.35 மில்லிமீட்டர். எல்லாத் துளைகளையும் 3.5 மில்லிமீட்டர் டிரில்லால் இட்டால், அளவில் நேரும் சிறு பிழைகளை அது பொறுத்துக்கொள்ளும். மெல்லிய தகட்டில் புரி வெட்ட இயலாது. ஆகையால் பக்கங்களில் எம்.3 திருகாணியை வாஷரோடு வெளியிலிருந்து செலுத்தி உள்ளே நட்டுப் போட்டு முடுக்க வேண்டும். சாதனத்துக்கும் பக்கத்துக்கும் இடையே 14 மில்லிமீட்டருக்கு மேல் வெளியிருப்பதால் நட்டு எதிலும் இடிக்காது. விளிம்புகளை அரத்தால் மழுக்கி, தூளைத் துடைத்த பிறகே தட்டைக் கணிப்பொறி அருகே கொண்டுவருதல் வேண்டும்.

அடியில் செலுத்தும் திருகாணியின் நீளம் முக்கியமானது. சாதனத்தின் துளைக்குள் அது 3 மில்லிமீட்டருக்கு மேல் செல்லலாகாது. சென்றால் உள்ளேயுள்ள மின்பலகையில் முட்டக்கூடும். தகட்டின் கனம் 1.2, வாஷரின் கனம் அரை மில்லிமீட்டர் எனக் கொண்டால், 4 மில்லிமீட்டர் நீளத் திருகாணி உள்ளே 2.3 மில்லிமீட்டர் செல்லும். அதுவே சரி. 5 மில்லிமீட்டர் திருகாணி எல்லையைத் தாண்டிவிடும். திருப்புளியைக் கையால் மட்டுமே திருப்புக. மின்சாரத் திருப்புளிக்கு இங்கே வேலையில்லை.

5.25 அங்குலக் கூடு மட்டுமே காலியாக உள்ள மிகப் பழைய பெட்டிகளில், முதலில் 3.5 அங்குலத்துக்கான சட்டத்தையும் அதனுள் 2.5 அங்குலத்துக்கான சட்டத்தையும் அடுக்கிப் பொருத்துவதுண்டு. பார்ப்பதற்கு விந்தையாயிருப்பினும் எஸ்.எஸ்.டி.க்கு அது போதுமானதே.

மாற்றும் முன்னர்

இனிச் சொல்வது பொருத்துவதைவிட முதன்மையானது. பழைய வன்தட்டு முற்றிலும் நின்றுபோகாமல் தயங்கித் தயங்கி வேலை செய்கின்ற நிலையில், அதைக் கழற்றுவதற்கு முன்னரே அதிலுள்ள முக்கியமான கோப்புகளை வேறொரு சாதனத்தில் படியெடுத்துக்கொள்ள வேண்டும். எல்லாவற்றையும் முழுமையாகப் படியெடுக்கலாமே என்று காத்திருப்பது தவறு. முதலில் திரும்பப் பெற முடியாதவை: பதிவேடுகள், அளவைக் குறிப்புகள், கணக்குகள். பிறகு மற்றவை. செயலிகளை மீண்டும் நிறுவலாம்; 2011-ஆம் ஆண்டின் மழையளவை மீண்டும் அளக்க இயலாது.

பழையதைக் கழற்றி வேறொரு கணிப்பொறியில் யு.எஸ்.பி. வழியாகப் படிக்க விரும்புவோர் ஒன்றை அறிதல் வேண்டும். 2.5 அங்குலச் சாதனம் 5 வோல்ட் மின்சாரத்தாலேயே இயங்கும், ஆதலால் யு.எஸ்.பி. கேபிளே போதும். 3.5 அங்குல வன்தட்டின் மோட்டாருக்கு 12 வோல்ட் தேவை. அது யு.எஸ்.பி.யில் வாராது. தனி மின்வழங்கி உள்ள இணைப்புக் கருவியே அதற்குப் பயன்படும். இதையறியாமல், நல்ல வன்தட்டை இறந்துவிட்டதென்று ஒதுக்கியவர்களும் உண்டு.

இதே காரணத்தால், புதிய சிறிய சாதனத்துக்குப் பெட்டியிலுள்ள மின்வழங்கியின் சாட்டா மின்முனை எதுவும் பொருந்தும். மின்வழங்கி மிகப் பழையதாயின் நான்கு பின் கொண்ட பழைய முனைகளே இருக்கும். மாற்று முனை வாங்க வேண்டும். பிளாஸ்டிக்கை உருக்கி வார்த்து ஒரே கட்டியாகச் செய்த மலிவான மாற்று முனைகளில் உள்ளே கம்பிகள் நெருங்கிக் குறுக்கு மின்னோட்டம் உண்டாகித் தீப்பற்றியதுண்டு. கம்பிகள் தனித்தனியே செருகித் தெரியும் வகையே பாதுகாப்பானது. மதர்போர்டில் சாட்டா இல்லாமல் 40 பின் கொண்ட அகன்ற கேபிள் மட்டுமே இருந்தால், அக்கணிப்பொறிக்குச் செலவிடுவது தகுமா என்பதை அங்கேயே நின்று எண்ணிப்பார்ப்பது நலம்.

வேலையைத் தொடங்குமுன் மின்கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டு, கணிப்பொறியின் பொத்தானை ஒருமுறை அழுத்த வேண்டும். உள்ளே எஞ்சிய மின்சாரம் அதனால் வடியும். பிறகு பெட்டியின் வர்ணம் பூசாத உலோகப் பகுதியைக் கையால் தொட வேண்டும். மழைக்காலக் கேரளத்தில் நிலைமின்சாரத்தால் பெரும் அபாயம் இல்லை; ராஜஸ்தானத்தின் வறண்ட குளிர்காலத்தில் உண்டு.

எல்லாம் பொருத்தியதும் பெட்டியை மூடாமலே கணிப்பொறியை ஒருமுறை இயக்கிப் பார்ப்பது முறை. தொடக்கத் திரையில் புதிய சாதனத்தின் பெயர் தோன்ற வேண்டும். தோன்றாவிடில் பெரும்பாலும் கேபிள் முழுவதும் நுழையவில்லை என்பதே பொருள்.

பெறும் பயன்

சிறிய சாதனம் எஸ்.எஸ்.டி.யாக இருப்பின் பழைய கணிப்பொறி புத்துயிர் பெறுவதைக் கண்கூடாகக் காணலாம். இதன் காரணம் மேலே கண்ட சுழற்சியிலேயே அடங்கியுள்ளது. 7,200 சுற்று வன்தட்டு ஒரு முறை சுற்ற 8.3 மில்லிவினாடி ஆகிறது. வேண்டிய விவரம் காந்தமுனையின் கீழே வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்றுக் காத்திருக்க வேண்டும். முனை தடத்தை நாடிச் செல்லும் நேரம் வேறு. இரண்டும் சேர்ந்து பத்து மில்லிவினாடிக்கு மேலாகும். எஸ்.எஸ்.டி. ஒரு மில்லிவினாடியின் சிறு பகுதிக்குள் விடை தருகிறது. கணிப்பொறி தொடங்கும்போது சிதறிக் கிடக்கும் ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைப் படிக்க வேண்டியிருப்பதால் இச்சேமிப்பு பெருகி, நிமிஷங்கள் வினாடிகளாகக் குறுகுகின்றன.

மலைப்பகுதி ஊழியர்களுக்கு இன்னொரு பயனும் உண்டு. வன்தட்டின் காந்தமுனை காற்றின் ஆதாரத்தால் மிதக்கிறது. காற்று மெலிந்த உயரங்களில் அம்மிதப்பு குறைகிறது. ஆகையால் சாதாரண வன்தட்டுகளைச் செய்வோர் அவற்றைக் கடல்மட்டத்திலிருந்து 3,048 மீட்டருக்கு மேல் இயக்கலாகாதென வரையறுத்துள்ளனர். லே நகரம் ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. இந்திய வானியல் ஆய்வுக்கூடம் அமைந்துள்ள ஹான்லே 4,500 மீட்டரில். அப்பகுதிகளின் பள்ளிகளும் நிலையங்களும் எஸ்.எஸ்.டி.யைத் தேர்வது வேகத்துக்காக மட்டும் அன்று.

கழற்றிய பழைய வன்தட்டு என்னாகும்? அதைக் குப்பையில் எறியலாகாது. பழைய இரும்புக்காரருக்கும் விற்கலாகாது. கோப்பை அழித்தல் என்பது பொருளடக்கத்தில் அதன் பெயரை அடிப்பதைப் போன்றதே. விவரம் தட்டிலேயே கிடக்கும். மாணவரின் பிறந்த தேதியும் பெற்றோரின் வங்கிக் கணக்கும் அதில் இருக்கலாம். இயங்கும் வன்தட்டாயின், முழுப்பரப்பிலும் புதிதாக எழுதி மறைக்கும் செயலியைக் கொண்டு துடைக்க வேண்டும். இயங்காததாயின் தட்டுகளையே சிதைக்க வேண்டும். அதன்பின் அது, 2023 ஏப்ரல் 1 முதல் அமலிலுள்ள 2022-ஆம் ஆண்டு மின்னணுக் கழிவு விதிகளின்படி, பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் சேர வேண்டும்.

முறைப்படி கணக்கிலிருந்து நீக்கப்பட்ட வன்தட்டொன்றைப் பள்ளி ஆய்வுக்கூடத்தில் வைத்துக்கொள்ள அனுமதி பெற்றால், அது சிறந்த பாடப்பொருளாகும். நட்சத்திர முனைத் திருப்புளி கொண்டு மேல்மூடியைக் கழற்றினால், கண்ணாடிபோல் ஒளிரும் தட்டும், காந்தமுனையைத் தாங்கும் கையும், அக்கையை அசைக்கும் சுருளின் இருபுறமும் நியோடிமியக் காந்தங்களும் காணப்படும். அக்காந்தங்கள் மிக வலியவை. இரண்டிற்கும் நடுவே விரல் சிக்கினால் நசுங்கும் என்று மாணவரை முன்கூட்டியே எச்சரிக்க வேண்டும். 3.5 அங்குல வகையில் தட்டுகள் பெரும்பாலும் அலுமினியத்தாலானவை. அலுமினியத்தைக் காந்தம் கவராது. எனினும் தட்டைக் கையால் சுழலவிட்டு அதன் விளிம்பருகே அக்காந்தத்தைத் தொடாமல் பிடித்தால், அது விரைவில் வேகம் குன்றி நின்றுவிடும். தட்டில் எழும் சுழி மின்னோட்டங்களே இதற்குக் காரணம். மேல் வகுப்பு மாணவர் இதைத் தாமே செய்து பார்க்கலாம்.